யாரும் பாக்காத ஏழு ஆனை

கடல் காத்து ஓயாம அடிக்கிற ஒரு ஊர்ல, செவுரெல்லாம் உப்புப் பூத்துக் கெடக்கிற ஒரு வீட்ல, உலகம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். அவ தொழில் என்னன்னா, உப்பளத்துல உப்ப வாங்கி, பதினோரு கழுதை மேல பொதியா ஏத்தி, மேக்க மலைமேல இருக்கிற சந்தை வரைக்கும் நடந்து போய் வித்துட்டு, அங்க இருந்து புளியும் மொளகும் ஏத்திக்கிட்டுத் திரும்பி வர்றது. போக ஒம்பது நாளு, வர ஒம்பது நாளு. புருஷனோட ஒம்பது வருஷம் அந்தப் பாதையில நடந்தா. அப்புறம் அவன் காய்ச்சல்ல போய்ட்டான், அதுக்கப்புறம் நாத்தனா பேராச்சியத் தொணைக்கு வச்சுக்கிட்டு ஆறு வருஷம் தானே நடந்தா. எந்தக் கல்லு வழுக்கும், எந்த ஊத்துல தண்ணி இருக்கும், எந்த ஊர்க்காரங்களுக்கு எந்த உப்பு வேணும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஆனா பாருங்க, வீட்ல ஆம்பள இல்லன்னு ஆனதுல இருந்து ஊரே அவளுக்குப் புத்தி சொல்ல வந்துடுச்சு. மீன் விக்கிறவன் வந்து கழுதைய எப்படிக் கட்டணும்னு சொல்லுவான். பானை வனையிறவன் வந்து உப்ப எங்க விக்கணும்னு சொல்லுவான். கழுதை மேல கைய வச்சே பாத்திராத பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்து கழுதைக்கு என்ன தீனி போடணும்னு சொல்லுவார். அவளும் எல்லாருக்கும் சரிங்க, சரிங்கன்னு தலைய ஆட்டுவா. அவ்வளவு தூரம் நடந்துட்டு வந்தவளுக்குக் காலு கூட வலிக்காது, காதுதான் வலிக்கும்.

அந்த ஊர்லயே தீத்தாரப்பன்னு ஒருத்தர் இருந்தாராம். பெரிய உப்புக்கடை, இருபது பொதிமாடு. ராசா வீட்டு ஆளுங்களோட ஒரே பந்தியில உக்காந்து சாப்பிட்டவர்னு பேரு. சத்தமா பேசவே மாட்டார். மெதுவா பேசுறவங்க சொல்றதெல்லாம் நெசம்னு ஊருக்கு ஒரு நெனப்பு. இவ்வளவு இருந்தும் அவருக்கு ஒரு கொறை. மலைக்காரங்க உலகம்மாகிட்ட மட்டும்தான் உப்பு வாங்குவாங்க. அந்த மலைச்சந்தை தனக்கு வரணும்னு அவருக்கு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

ஒரு நாள் உலகம்மா வீட்டுக்கு வந்தார். கழுதைங்கள ஒவ்வொண்ணா சுத்திப் பாத்தார். முன்னால நடக்கிற கழுதை ஒண்ணு உண்டு, அதுக்கு ஒரு காது கிடையாது, ஒத்தக்காதின்னு பேரு. அதப் பாத்துட்டு, இது கெழடாயிடுச்சே தங்கச்சி, இது நடக்கிற நடைக்கு மத்த பத்தும் மெதுவா நடக்குது, இதத் தள்ளிட்டு ஒரு எளங்கழுதையப் புடின்னார். உலகம்மாவுக்கு மனசுக்குள்ள ‘வேண்டாம்’னு ஒரு சத்தம் கேட்டுச்சு. ஆனா பெரிய மனுஷன் வீடு தேடி வந்து சொல்றார், எப்படி மறுக்கிறதுன்னு நெனச்சு, சரிங்க அண்ணாச்சின்னுட்டா. துணி வெளுக்கிற சங்கிலிகிட்ட ஒத்தக்காதியக் குடுத்துட்டு அவர்கிட்ட இருந்த எளங்கழுதைய மாத்திக்கிட்டா.

அப்புறம் என்னாச்சு? மூணு பாதை பிரியிற எடம் ஒண்ணு இருக்கு. எப்பவும் ஒத்தக்காதி தானா மேட்டுப்பாதைக்குத் திரும்பும், மத்ததெல்லாம் அது வாலப் பாத்துத் திரும்பும். இப்ப அது இல்ல. கழுதைங்க மூணா பிரிஞ்சு மூணு பாதையிலயும் போயிடுச்சு. உலகம்மா ஒரு பக்கம் ஓட, பேராச்சி ஒரு பக்கம் ஓட, எல்லாத்தையும் ஒண்ணு சேக்குறதுக்கு நாலு நாள் ஆச்சு. சந்தை கலைஞ்சப்புறம்தான் போய்ச் சேந்தாங்க.

திரும்பி வந்ததும் தீத்தாரப்பன் மறுபடியும் வந்தார். அடடா, கஷ்டப்பட்டுட்டியேன்னு ரொம்ப வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுட்டு, நீ இந்தப் பெருங்கல் உப்பையே கொண்டுபோறியே, இப்பல்லாம் எல்லாரும் பொடி உப்புத்தான் கேக்குறாங்க, வெள்ளையா மல்லிப்பூ மாதிரி கொண்டுபோய்ப் பாருன்னார். உலகம்மாவுக்கு உள்ள இருந்து மறுபடியும் ‘வேண்டாம்’னு அந்தச் சத்தம். மலையில எந்நேரமும் மஞ்சு மூட்டமா எறங்கும், பொடி உப்பு அங்க நிக்காது, ஆட்டுக்கும் மாட்டுக்கும் நக்க வைக்கப் பெருங்கல்லுதான் வேணும், இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனா போன தடவை பட்ட பாட்டுல அவளுக்கு அவ மேலயே நம்பிக்கை போயிருந்துச்சு. பேராச்சி கூட, மதினி, அவர் நாலு ஊர் பாத்தவர், கேட்டுத்தான் பாப்பமேன்னா. சரிங்க அண்ணாச்சின்னுட்டா.

பொடி உப்பு மலை ஏறுனதும் கசிய ஆரம்பிச்சுது. கழுதை வயிறு வழியா சொட்டுச் சொட்டா வடியுது, கழுதைக்கெல்லாம் புண்ணாப் போச்சு. சந்தையில போய்ச் சாக்க அவுத்தா பாதி இல்ல. வாங்கவும் ஆளு இல்ல. ஆடு வச்சிருக்கிற நாச்சின்னு ஒருத்தி, எப்பவும் மொத ஆளா வந்து வாங்குறவ, இவளப் பாத்ததும் அதிசயமா நின்னுட்டாளாம்.

“உலகம்மா, நீ வரமாட்டேன்னாங்களே. முந்தாநாள் இருபது மாட்டுல பெருங்கல் உப்பு வந்துச்சு. கொண்டாந்தவர் சொன்னாரு, உலகம்மாவுக்கு ஒடம்பு முடியல, யாவாரத்த விட்டுட்டா, நான் அவளுக்கு அண்ணன் மாதிரின்னு.”

உலகம்மா அப்படியே சாக்கு மேல உக்காந்துட்டா. கோவம் வரும்னு நாச்சி பாத்தா, வரல. அழுவான்னு பேராச்சி பாத்தா, அழுகவும் இல்ல. ரொம்ப நேரம் கையில ஒட்டுன ஈர உப்பத் தேச்சுக்கிட்டே இருந்தா. தீத்தாரப்பன் ஏமாத்துனது கூட அவளுக்குப் பெருசாப் படல. ரெண்டு தடவையும் அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சே, தெரிஞ்சும் தலைய ஆட்டுனாளே, அதத்தான் அவளால தாங்க முடியல.

ஊருக்கு வந்து யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. சொன்னா யாரு நம்புவா, அவர்தான் மெதுவாப் பேசுறவராச்சே. நேரா சங்கிலி வீட்டுக்குப் போனா. எளங்கழுதைய நீங்களே வச்சுக்குங்க, என் கெழட்டுக் கழுதையக் குடுங்கன்னா. சங்கிலி சிரிச்சுக்கிட்டே அவுத்துக் குடுத்தார், அது ஆத்துப் பக்கம் போகவே மாட்டேங்குது தாயி, மேட்டப் பாத்தே இழுக்குதுன்னார்.

அப்புறம் ஐப்பசி மாசம் பொறந்துச்சு. ஒரு நாள் காலையில தண்டோராக்காரன் வந்து பறையடிச்சான். என்ன சேதின்னா, மலைக்கோட்டை ராசாவோட உப்புக் கெடங்கு காலியாயிடுச்சு. மழை புடிச்சா மூணு மாசத்துக்குப் பாதை அடைஞ்சிடும். அதுக்குள்ள உப்பு வரலன்னா மலையில மனுஷருக்கும் இல்ல, மாட்டுக்கும் இல்ல. பௌர்ணமிக்குள்ள யாரு மொதல்ல உப்பு கொண்டாந்து எறக்குறாங்களோ, அவங்களுக்குத்தான் இனிமே மலைச்சந்தை பாத்தியதை. வேற யாரும் அங்க உப்பு விக்கக் கூடாது. பௌர்ணமிக்கு இன்னும் பத்தே நாளு.

அன்னிக்கே தீத்தாரப்பன் வந்துட்டார். மேட்டுப்பாதையில போனா ஒம்பது நாளு ஆகும் தங்கச்சி, ஒரு கழுதை நொண்டினாலும் போச்சு, ஆத்துப்பாதையில போ, அஞ்சே நாளு, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்னார். உலகம்மா சாக்குக்குள்ள கைய விட்டுப் பாத்தா. உப்பு கசிஞ்சு கையில ஒட்டுச்சு, காத்துல அவ்வளவு ஈரம். மேக்க பாத்தா, மலை உச்சி தெரியல, கருகருன்னு மூடிக் கெடந்துச்சு. மலையில மழை விழுந்தா ஒரு நாள்ல ஆறு பொங்கும்னு அவளுக்குத் தெரியும்.

“யோசிச்சுச் சொல்றேன் அண்ணாச்சி,” அப்படின்னா.

ஆறு வருஷத்துல அவ சரிங்கன்னு சொல்லாம இருந்தது அதான் மொத தடவை. தீத்தாரப்பனுக்குத் திக்குன்னுச்சு. வெளிய வந்து யோசிச்சார். அவருக்கும் ஆறு பொங்கும்னு தெரியும்ல? அவர் மேட்டுப்பாதையில போகத்தான் மாட்டுக்கெல்லாம் லாடம் அடிச்சு வச்சிருந்தார். இவளும் அதுலயே வந்தா, அவருக்கு முன்னாடியே போய்ச் சேந்துருவா, கழுதை நடை அப்படி. அதனால போற வழியில வெத்தலைக்காரர்கிட்ட நின்னு, வெத்தலைய மடிச்சுக்கிட்டே, மெதுவா ஒரு பொய்யப் போட்டார். மேட்டுப்பாதையில ஒரு ஒத்தை ஆனை நிக்குதாமே, ஆளத் தொரத்துதாமே, கேள்விப்பட்டியான்னு. அவ்வளவுதான். வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டார்.

கொஞ்ச நேரத்துல வெத்தலைக்காரர் உலகம்மா வீட்டுக்கு ஓடிவந்தார். மேட்டுப்பாதையில ஆனை நிக்குதும்மா, போயிடாதேன்னார். உலகம்மா பொதி கட்டிக்கிட்டே கேட்டா.

“நீங்க பாத்தீங்களா?”

“நான் பாக்கல, பெரிய எடத்துல சொன்னாங்க.”

அவர் போனதும் கொல்லர் வந்தார். மூணு ஆனை நிக்குது, ஒரு வண்டியக் கவுத்துடுச்சுன்னார்.

“நீங்க பாத்தீங்களா?”

“நான் எங்க பாத்தேன், வெத்தலைக்காரர் சொன்னார்.”

அவர் போனதும் நாட்டாமையே வந்துட்டார். ஏழு ஆனை, ரெண்டு பேரக் கொன்னுடுச்சு, நீ போனா ஊருக்குத்தான் கெட்ட பேருன்னார்.

“நீங்க பாத்தீங்களா மாமா?”

நாட்டாமைக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துடுச்சு. பாத்தாத்தானா, ஊரே சொல்லுது, நீ மட்டும் என்ன பெரிய இவளான்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.

பேராச்சி கட்டுன பொதிய அவுக்க வந்துட்டா. மதினி, ஆத்துப்பாதையிலயே போயிடலாம், இல்லன்னா போகவே வேண்டாம், அவங்க எடுத்துக்கிட்டுப் போகட்டும் அந்தச் சந்தையன்னு அழுதா. உலகம்மாவுக்கும் பயம்தான். இல்லன்னு சொல்லக் கூடாது. அவளுக்கு ஆனைய விடப் பெரிய பயம் என்னன்னா, தான் நெனக்கிறது தப்பா இருந்துட்டா, இந்தப் பொண்ணையும் சேத்துக் கொண்டுபோய் மாட்டி விட்டுருவோமேங்கிறதுதான். செவுத்துல சாஞ்சு கண்ண மூடி உக்காந்துட்டா. ஊர்ல இத்தனை பேர் பேசுன பேச்சும் காதுக்குள்ள எரைஞ்சுக்கிட்டே இருக்கு. அது அடங்குற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தா. அடங்குனதும் பேராச்சியக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டா.

“முந்தாநாள் தேன்காரங்க நாலு பேரு மேட்டுப்பாதையிலதான் எறங்கி வந்தாங்க. நம்ம வாசல்ல உக்காந்து தண்ணி குடிச்சாங்க. ஆனைன்னு ஒரு வார்த்தை சொன்னாங்களா? சொல்லல. அப்புறம் ஒரே காலையில ஒண்ணு மூணாச்சு, மூணு ஏழாச்சு. பாத்த ஆளு ஒருத்தரும் இல்ல. ஒருவேளை ஆனை இருந்தாலும் இருக்கும், பேராச்சி. ஆனா ஆத்துல வெள்ளம் வரும், அது நிச்சயம். நான் மேட்டுலதான் போகப்போறேன். நீ வரலன்னா நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

பேராச்சி மூக்கச் சிந்திட்டு எந்திரிச்சுக் கழுதையக் கட்டப் போனா.

மறுநாள் காலையில பதினோரு கழுதையும் கெளம்புச்சு. ஊரே வாசல்ல நின்னு பாத்துச்சாம், பொணம் போறதப் பாக்குற மாதிரி. மூணு பாதை பிரியிற எடத்துல ஒத்தக்காதி நிக்கக்கூட இல்ல, மேட்டுக்குத் திரும்பி ஏற ஆரம்பிச்சுது. ஒரு நாள் நடந்தாங்க, ஆனை இல்ல. ரெண்டு நாள் நடந்தாங்க, ஆனை இல்ல. மூணு நாள் நடந்தாங்க, ஆனைச் சாணம் கூட இல்ல. காலையில தூறல், மத்தியானம் தூறல், ஓயாத தூறல். சாக்கு மேல பனவோலைப் பாயப் போட்டு மூடி, தாங்க ரெண்டு பேரும் நனைஞ்சுக்கிட்டே நடந்தாங்க.

நாலாம் நாளு ஒரு சரிவுப் பாறை வந்துச்சு. நனைஞ்சு கெடந்துச்சு. மழை விட்டிருந்துச்சு, கொஞ்சம் காயட்டும்னு நின்னிருக்கலாம். ஆனா உலகம்மா நாளாகுதேன்னு அவசரப்பட்டு, பரவாயில்ல ஓட்டுன்னுட்டா. கடைசிக் கழுதைக்குக் கால் வழுக்குச்சு. கழுதை தப்பிச்சிடுச்சு, ரெண்டு பக்கத்துப் பொதியும் அறுந்து பள்ளத்துல போயிடுச்சு. பேராச்சி ஓடிப்போய்க் கழுதையப் புடிச்சா. உலகம்மா பள்ளத்த எட்டிப் பாத்துட்டு, அந்தப் பாறையிலயே உக்காந்தா.

“இது நான் செஞ்ச தப்பு. பாறை காயுற வரைக்கும் நின்னிருக்கணும்.” அறுந்த கயித்தச் சுருட்டிக்கிட்டே சொன்னா, “பேராச்சி, என் புத்தியில கெட்டா ஏன் கெட்டுச்சுன்னு எனக்குத் தெரியுது. அடுத்த தடவை நின்னுருவேன். அடுத்தவங்க புத்தியில கெட்டப்ப எனக்கு ஒண்ணுமே தெரியலடி. அசதி மட்டும்தான் மிச்சம்.”

அப்புறம் எந்திரிச்சு நடந்தா. கால் கனமாத்தான் இருந்துச்சு, ஆனா காதுல எரைச்சல் இல்ல.

சரி, இங்க ஊர்ல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. தீத்தாரப்பன் இருபது மாட்டுலயும் உப்ப ஏத்தி, மேட்டுப்பாதைக்குக் கெளம்புங்கடான்னு மாட்டுக்காரங்களக் கூப்பிட்டார். ஒருத்தன் கூட நகரல. ஏழு ஆனை நிக்குற எடத்துக்கா மொதலாளி போகச் சொல்றீங்க, ரெண்டு பேரு செத்துட்டாங்களாமேன்னாங்க. ஆனையெல்லாம் ஒண்ணும் இல்லடான்னார். உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. அதுக்கு அவர் என்ன சொல்லுவார்? நான் விட்ட பொய்யின்னா சொல்லுவார்? ஒரு நாள் கெஞ்சுனார், ஒரு நாள் மெரட்டுனார், ஒரு நாள் கூலி கூட்டித் தர்றேன்னார். ஆளுங்க அசையல. கடைசியில வேற வழியில்லாம ஆத்துப்பாதையிலயே மாட்ட எறக்குனார். ரெண்டு நாள் நல்லாத்தான் போச்சு. மூணாம் நாள் ஆத்தக் கடக்குறப்ப மலையில இருந்து செந்தண்ணி பொரண்டு வந்துச்சு. மாட்டுக்காரங்க கெட்டிக்காரங்க, பொதிக் கயித்த அறுத்து விட்டுட்டு மாட்ட நீந்த வச்சுக் கரையேத்திட்டாங்க. மனுஷருக்கும் மாட்டுக்கும் ஒண்ணும் ஆகல. நாப்பது மூட்டை உப்பும் வந்த வழியே கடலுக்கே போயிடுச்சு.

பௌர்ணமி அன்னிக்கு மத்தியானம் உலகம்மா கோட்டை வாசல்ல கழுதைய நிறுத்துனா. இருபத்திரண்டு மூட்டையில இருபது மூட்டை எறங்குச்சு. கோட்டைச் சனமெல்லாம் குண்டான், மொறம், மடின்னு கையில கெடச்சத ஏந்திக்கிட்டு ஓடிவந்தாங்களாம். நாச்சி வந்து அவ கையப் புடிச்சுக்கிட்டா.

ஒரு வாரம் கழிச்சு, வெள்ளம் கொஞ்சம் வடிஞ்சதும், மாட்டுக்காரங்களக் கூட்டிக்கிட்டு ஈர வேட்டியோட தீத்தாரப்பனும் வந்து சேந்தார். உலகம்மா மேட்டுப்பாதை ஆனைங்களுக்கு வசியம் வச்சுட்டா, அதான் என் ஆளுங்க வரல, இது ஞாயமில்லன்னு ராசாகிட்டயே மெதுவாச் சொன்னாராம். ராசா கொஞ்சம் வெவரமானவர். ஆனைய யாரு பாத்தான்னு மாட்டுக்காரங்களக் கேட்டார். நாங்க பாக்கல, நாட்டாமை சொன்னார்னாங்க. மழைக்காலம் முழுக்க எல்லாரையும் கோட்டையிலயே தங்க வச்சு, மழை வெறிச்சதும் ஊருக்கு ஆள் விட்டார். நாட்டாமை வந்து, நான் பாக்கல, கொல்லர் சொன்னார்னார். கொல்லர் வந்து, நான் பாக்கல, வெத்தலைக்காரர் சொன்னார்னார். வெத்தலைக்காரர் வந்து, நான் பாக்கல சாமி, இதோ நிக்கிறாரே, இவர்தான் சொன்னார்னு தீத்தாரப்பனக் கையக் காட்டுனார்.

ராசா சொன்னார், “அப்ப ஆனையப் பாத்த ஆளு நீ ஒருத்தன்தான். அந்தப் பாதைக்கு இனிமே நீதான் காவல். மேட்டுல குடிசை போட்டுக்க. சரிஞ்ச கல்ல ஒதுக்கு, முள்ள வெட்டு, போற வர்றவங்களுக்குத் தண்ணி எடுத்து வை. ஏழு ஆனையையும் என் ஆளுக்கு என்னிக்குக் காட்டுறியோ, அன்னிக்கு எறங்கி வா.”

அந்த மேட்டுல ஆனையே கெடையாது. தீத்தாரப்பன் அங்கயே கல்ல ஒதுக்கிக்கிட்டுக் கெடந்தார். உலகம்மா கழுதைங்களோட அந்த வழியாப் போறப்ப அவர் தண்ணி மொண்டு குடுப்பார். அவ வாங்கிக் குடிப்பா.

தீர்ப்புச் சொன்ன அன்னிக்கு இன்னொண்ணும் நடந்துச்சு, அதையும் கேட்டுட்டுத் தூங்குங்க. ராசாவுக்கு உலகம்மா மேல ஒரே சந்தோஷம். அவளக் கூப்பிட்டு, பதினோரு கழுதைய வச்சுக்கிட்டு எத்தனை நாள் நடப்ப, நான் நூறு கழுதை தர்றேன், அம்பது ஆளு தர்றேன், ஏழு நாட்டுச் சந்தைக்கும் நீயே உப்புப் போடு, நான் சொல்றதக் கேளுன்னார். பேராச்சி பக்கத்துல இருந்து முழங்கையால இடிக்கிறா, சரின்னு சொல்லு, சரின்னு சொல்லுன்னு.

உலகம்மா கும்பிட்டா. “நீங்க சொல்றது நல்லதாத்தான் இருக்கும் ராசா. ஆனா இந்தப் பதினொண்ணோட பேரும் எனக்குத் தெரியும், எதுக்கு எங்க வலிக்கும்னும் தெரியும். நூறு வந்தா எனக்குத் தெரியாது, வேற யாராவது சொல்லித்தான் நான் கேக்கணும். எனக்கு இது போதும்.”

ராசா சிரிச்சுட்டாராம். அப்புறம், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் தாயின்னு வெத்தலை பாக்கு குடுத்து அனுப்பிட்டார். வெளிய வந்து, கோட்டைச் செவுரு ஓரமா ஒரு வேப்பமர நெழல்ல சாக்க விரிச்சு உலகம்மா படுத்தா. நாலு பேரு வந்து, நூறு கழுதைய வேண்டாம்னியாமே, என்ன பொம்பள நீன்னு கேட்டாங்க. அவ காதுல விழல. படுத்த ஒடனே தூங்கிப்போயிருந்தா.

யாரு என்ன சொன்னாலும் கேட்டுக்கலாம் கண்ணுங்களா, கேக்குறதுல தப்பில்ல. ஆனா நம்ம தொழில்ல நமக்குத் தெரிஞ்சத நாமளே பொய்யாக்கிடக் கூடாது. கழுதையெல்லாம் கொட்டாயில படுத்தாச்சு, கதையும் மூட்டையக் கட்டியாச்சு, நீங்களும் போர்த்திக்கிட்டுக் கண்ண மூடுங்க.